கண் காணா ஒளி – 9: ரயில் அட்டவணையும் சணல் கற்றையும்

சென்ற பகுதியை ஹைன்ரிஷ் ஹெர்ட்ஸின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். மின்பொறியிலிருந்து கிளம்பும் அலைகள் ஒளியைப் போலவே எதிரொளிக்கும், விலகும், தளவிளைவுக்கும் (அதிர்வு ஒரே தளத்தில் அடங்குவதற்கும்) உட்படும் என்று ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹ நகரில் காட்டிய அந்த மனிதர், 1894 ஜனவரி 1 அன்று 36 வயதில் கண்மூடினார். ஐந்து மாதம் கழித்து, ஜூன் 1 அன்று, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஆலிவர் லாட்ஜ் அவர் நினைவாகச் சொற்பொழிவு ஆற்றினார். அந்த உரை அச்சாகிக் கல்கத்தாவுக்கும் வந்தது. பிரசிடென்சி கல்லூரியின் பௌதிகப் பேராசிரியர் ஜகதீச சந்திர போஸ் அதைப் படித்தார். அதே ஆண்டு நவம்பர் 30-ல் அவருக்கு 36 வயது நிறைந்தது. இனி ஆராய்ச்சியே தன் வேலை என்று அன்று முடிவு செய்தார். அவரைப் பற்றி நம்மிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பரவலாகப் புழங்குகிறது: வானொலியைக் கண்டுபிடித்தது போஸ்தான், மார்க்கோனி பெயரைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியிலிருந்து கைப்பேசியில் வலம்வரும் செய்தி வரை இதே பல்லவி. இந்த வாக்கியம் அவரை உயர்த்துவதாக நினைத்துக்கொண்டு குறைத்துவிடுகிறது என்பதே இந்தப் பகுதியில் நான் சொல்ல வருவது. போஸ் ஓடிய பந்தயம் வேறு. அதில் அவர் எட்டிய தூரத்தை அளந்து பார்த்தால், மார்க்கோனியோடு ஒப்பிட வேண்டிய தேவையே எழாது.

அளப்பதற்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். நம் இசைக்காரர்களின் ஸ்தாயியையே எடுத்துக்கொள்ளலாம். கீழ் ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜத்துக்குப் போனால் அதிர்வெண் இரு மடங்காகிறது. மின்காந்த அலைகளையும் இப்படியே ஸ்தாயி ஸ்தாயியாக எண்ணலாம். வயலட்டிலிருந்து சிவப்பு வரை நம் கண் காணும் ஒளி முழுவதும் ஒரே ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். சிவப்புக்குக் கீழே அகச்சிவப்பு இருப்பதை 1800-ல் வில்லியம் ஹெர்ஷல் வெப்பமானியை வைத்துக் கண்டார் என்பதை இரண்டாம் பகுதியில் பார்த்தோம். அதிலிருந்து ஏறக்குறைய நூறாண்டு உழைத்த பிறகும், அகச்சிவப்புக்காரர்கள் நம்பி அளக்க முடிந்த அலைநீளம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை ஒட்டியே நின்றது. மறு கரையில் ஹெர்ட்ஸ். ஒளியோடு ஒப்பிட்டுச் செய்த சோதனைகளில் அவர் பயன்படுத்திய அலையின் நீளம் 66 சென்டிமீட்டர். இரண்டுக்கும் நடுவே கணக்குப் போட்டால் சுமார் பதினாறு ஸ்தாயி வெற்றிடம். ஒரே ஆற்றின் இரு கரை என்று மாக்ஸ்வெல் 1865-லேயே சமன்பாட்டில் எழுதிவிட்டார். நடுவில் ஓடுவது ஒரே தண்ணீர்தானா என்று இறங்கிப் பார்த்தவர் யாரும் இல்லை.

இறங்கிப் பார்ப்பதில் என்ன சிரமம்? அலை நீளமாக இருந்தால் கருவியும் அதற்கேற்ப வளர வேண்டும் என்பதுதான் சிரமம். ஒளியியல் சோதனை சுத்தமாக வர, கண்ணாடியும் முப்பட்டகமும் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அலை ஓரங்களில் வளைந்து பரவி, எதிரொளித்தது எது, கசிந்து வந்தது எது என்றே தெரியாமல் போகும். ஹெர்ட்ஸ் தன் 66 சென்டிமீட்டர் அலைக்காக இரண்டு மீட்டர் உயரத்தில் துத்தநாகத் தகட்டை வளைத்துக் குழியாடி செய்தார். அலையின் விலகலைக் காட்டத் தாரில் ஒரு முப்பட்டகம் வார்த்தார். அதன் உயரம் ஒன்றரை மீட்டர், எடை சுமார் 600 கிலோ. இந்த அளவில் ஒரு படிகத்தின் இரட்டை விலகலை, அதாவது ஒரு கதிர் இரண்டாகப் பிரிவதை, சோதிக்க வேண்டுமானால் ஆள் உயரப் படிகம் வேண்டும். அப்படிப் படிகத்துக்கு எங்கே போவது? ஆகவே கேள்வி ஒன்றுதான்: கருவியைப் பெரிதாக்க முடியாது என்றால் அலையைச் சிறிதாக்க முடியுமா?

பிரசிடென்சி கல்லூரியில் போஸுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. 1885-ல் வேலைக்குச் சேர்ந்தபோது அதே பணிக்கு வெள்ளையருக்குக் கிடைத்த சம்பளத்தைவிடக் குறைவாகவே அவருக்கு நிர்ணயித்தார்கள். அவர் மூன்றாண்டு சம்பளமே வாங்காமல் பாடம் நடத்தி, கடைசியில் முழுத் தொகையையும் பின்தேதியிட்டுப் பெற்றார். ஆய்வகம் என்று தனியாக எதுவும் கிடையாது. குளியலறையை ஒட்டிய 24 சதுர அடி இடத்தில், ஒரு தகரக் கொல்லரைக் கூட வைத்துக்கொண்டு கருவிகளைச் செய்தார். ஏழ்மையால்தான் அவர் சிறிய அலையைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜில் ரேலே பிரபுவிடம் படித்தவருக்கு ஒளியியலின் தேவை தெளிவாகத் தெரிந்திருந்தது. ஆனால் 24 சதுர அடிக்குள் மீட்டர் கணக்கில் நீளும் அலையை வைத்து ஒளியியல் செய்ய முடியாது, மில்லிமீட்டர் அலையை வைத்துச் செய்யலாம் என்பதும் உண்மை. சின்னஞ்சிறு உலோக உருண்டைகளுக்கு இடையே பொறியைத் தெறிக்கவிட்டார். பொறி பட்டுப் பட்டு உருண்டையின் மேற்பரப்பு கெட்டுவிடாமலிருக்கப் பிளாட்டினத்தைப் பயன்படுத்தினார். தொடர்ந்து பொறியைப் பொழியவிடாமல், வேண்டும்போது ஒரு சாவியைத் தட்டி ஒரே ஒரு மின்னலை மட்டும் கிளப்பினார். அவர் எடுத்த அலைகளின் நீளம் 25 மில்லிமீட்டரிலிருந்து 5 மில்லிமீட்டர் வரை. இன்றைய கணக்கில் 12 முதல் 60 கிகாஹெர்ட்ஸ். பதினாறு ஸ்தாயி வெற்றிடத்தில் ஏழு ஸ்தாயி ஒரே பாய்ச்சலில் நிரம்பியது.

அலை சுருங்கியதும் சோதனை மேசைமேல் வந்து உட்கார்ந்தது. ஹெர்ட்ஸின் 600 கிலோ தாருக்குப் பதில் உள்ளங்கையில் அடங்கும் கந்தக முப்பட்டகம் போதுமானதாயிற்று. தளவிளைவு ஆக்கியாக அவர் எடுத்துக்கொண்ட பொருள் எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மிகப் பிடித்தமானது: பிராட்ஷா ரயில்வே அட்டவணை. தடித்த அச்சுப் புத்தகம். பக்கங்களுக்கு இடையிடையே வெள்ளீயத் தாளைச் செருகினார். அலையின் மின்புலம் தாள்களுக்குச் செங்குத்தாக அதிர்ந்தால் புத்தகத்தைத் தாண்டி வந்துவிடும், தாள்களுக்கு இணையாக அதிர்ந்தால் உள்ளேயே மடிந்துவிடும். புத்தகத்தைக் கையில் பிடித்துக் கால்வட்டம் திருப்பினால், வந்துகொண்டிருந்த அலை நின்றுபோகும். ஒளிக்கு டூர்மலின் படிகம் எதைச் செய்கிறதோ, அதையே மின் அலைக்கு ரயில் அட்டவணை செய்தது. அடுத்து வங்காளத்தின் சணல். சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் என்பதும், அதற்குக் காரணம் மூலக்கூறின் திருகலான வடிவம் என்பதும் வேதியியலார் அறிந்ததே. மூலக்கூறைக் கையில் எடுத்துத் திருக முடியாது. போஸ் சணல் நாரைக் கற்றையாக எடுத்து வலப்புறமாக முறுக்கினார், அலையின் தளம் ஒரு பக்கம் திரும்பியது. இடப்புறமாக முறுக்கினார், மறுபக்கம் திரும்பியது. இரண்டு வகைக் கற்றைகளையும் சமமாகச் சேர்த்தால் திருப்பம் இல்லாமல் போயிற்று. 1898-ல் வெளிவந்த ஆய்வு இது. கயிறு திரிக்கிறவர் கையில் இருக்கும் பொருளை வைத்து மூலக்கூறின் நடத்தைக்கு மாதிரி காட்டியிருக்கிறார். பொருளின் நுண்வடிவம் அலையின் அளவோடு ஒத்துப்போனால் என்னென்ன நடக்கும் என்று இன்று செயற்கைப் பொருள்களை வடிவமைப்பவர்கள் கேட்கும் கேள்விக்கு இதுவே முன்னோடி.

இதைவிட முக்கியமான சோதனை 1897-ல் வந்தது. கண்ணாடி முப்பட்டகத்துக்குள் சாய்வாகச் செல்லும் ஒளி சில கோணங்களில் வெளியேறாமல் முழுதாகத் திரும்பிவிடும். ஆனால் இன்னொரு முப்பட்டகத்தை மிக நெருக்கத்தில் வைத்தால் ஒளியில் ஒரு பகுதி இடைவெளியைத் தாவி அதற்குள் புகுந்துவிடும். நியூட்டன் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம்தான். தாவும் தூரம் அலைநீளத்தை ஒட்டியது என்பதால், ஒளியில் அது மயிரிழையைவிடச் சிறிது. அளப்பது பெரும்பாடு. போஸ் தன் அலைகளை வைத்து அதே சோதனையைச் செய்தபோது இடைவெளி மில்லிமீட்டர் கணக்கில் வந்தது. காற்றிடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகட்டி, தாவிச் செல்லும் பங்கு எப்படிக் குறைகிறது என்று அவரால் அளக்க முடிந்தது. இங்கே நின்று யோசிக்க வேண்டும். ஹெர்ட்ஸ் வரை, ஒளியில் தெரிந்ததை மின் அலையில் காட்டுவதே வேலையாக இருந்தது. போஸிடம் வந்ததும் திசை மாறிவிட்டது. ஒளியில் அளக்கச் சிரமமானதை மின் அலையில் அளந்து ஒளியியலுக்கே திருப்பிக் கொடுத்தார். இரண்டும் ஒரே பொருள் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி அந்தக் காலத்தில் கிடையாது.

இங்கே முதல் மறுப்பு வரும். 1895-லேயே கல்கத்தாவில் பொதுமக்கள் முன்னிலையில் போஸ் கம்பியில்லாமல் மணி அடித்துக் காட்டினாரே, வெடிமருந்தைக் கொளுத்தினாரே, மார்க்கோனி இங்கிலாந்தில் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததோ 1896 ஜூனில்தானே, அப்படியானால் முந்தியவர் யார் என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் தேதியை மட்டும் பார்த்தால் லாட்ஜ் 1894 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டில் சமிக்ஞை அனுப்பிக் காட்டியதையும், ரஷ்யாவில் போபோவ் 1895 மேயில் தன் ஏற்பியைக் காட்டியதையும் சேர்த்துக்கொள்ள வேண்டிவரும், அப்போது போஸ் நான்கு பேரில் ஒருவர் ஆகிவிடுவார். தேதியைவிட நோக்கமே அதிகம் பேசுகிறது. அந்த நிகழ்ச்சியில் போஸ் காட்ட விரும்பியது, சுவர் தடுக்காத ஓர் ஒளி உண்டு என்பது. தன் ஆராய்ச்சியை வங்காளி வாசகர்களுக்கு விளக்கி அவரே எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பு ‘அதிருச்ய ஆலோக்’, அதாவது கண்ணுக்குப் புலப்படாத ஒளி. 1895 மேயில் வங்காள ஆசியக் கழகத்துக்கு அவர் அளித்த முதல் ஆய்வே படிகங்கள் மின் கதிரைத் தளவிளைவுக்கு உட்படுத்துவது பற்றியது. அடுத்து ரேலே பிரபு வழியாக ராயல் சொசைட்டிக்குப் போனது ஒளிவிலகல் எண்ணை அளப்பது பற்றியது. தலைப்புகளில் கம்பியில்லாத் தந்தி எங்கும் இல்லை. தந்திதான் அவர் நோக்கம் என்றால் அலையைச் சுருக்கியிருக்கவே மாட்டார். தொலைவைத் தேடிய மார்க்கோனி நேர் எதிர்த் திசையில் போனார்: கம்பத்தை உயர்த்தினார், அலையை நீட்டினார், 1901 டிசம்பரில் அட்லாண்டிக்கைக் கடந்த சமிக்ஞையின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். ஒருவர் கிழக்கேயும் மற்றவர் மேற்கேயும் நடந்திருக்கும்போது யார் முந்தினார் என்று கேட்பதில் பொருளில்லை.

அப்படியானால் மார்க்கோனிக்கு போஸிடம் கடனே இல்லையா? உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1899-ல் ராயல் சொசைட்டியில் போஸ் வெளியிட்ட ஆய்வில், இரும்பும் பாதரசமும் தொட்டுக்கொண்டிருக்கும் ஓர் உணர்கருவி வருகிறது. மற்ற உணர்கருவிகளை ஒவ்வொரு சமிக்ஞைக்குப் பிறகும் தட்டிவிட வேண்டும், இது தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 1901-ல் அட்லாண்டிக்கைக் கடந்த அந்தச் சமிக்ஞையை நியூஃபவுண்ட்லாந்தில் வாங்கியபோது மார்க்கோனி கையிலிருந்ததும் பாதரச உணர்கருவியே. இத்தாலியக் கடற்படையிலிருந்து லூயிஜி சொலாரி வழியாக அவருக்கு வந்தது. அதன் மூலம் போஸின் ஆய்வு என்பதை 1998-ல் புரோபீர் பந்தோபாத்யாய் என்ற ஆய்வாளர் ஆவணங்களை அடுக்கி வாதிட்டார். அந்த வாதம் எனக்கு ஏற்புடையதே. ஆனால் அது நிறுவுவது ஓர் உறுப்பின் பூர்வீகத்தை, முழு இயந்திரத்தின் உரிமையை அல்ல. போஸ் தன் உணர்கருவியை வெளிப்படையாக எழுதி எல்லோர் முன்னும் வைத்தவர். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்பது அவர் கொள்கையாகவே இருந்தது. காப்புரிமை எடுக்க மறுத்தவரை, அவருடைய நண்பர்களான சாரா புல்லும் சகோதரி நிவேதிதாவும் வற்புறுத்திய பிறகே 1901 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒரு விண்ணப்பம் போனது. 1904 மார்ச்சில் 755,840 என்ற எண்ணில் உரிமை கிடைத்தது, அதைக் கொண்டு அவர் ஒரு காசும் சம்பாதிக்கவில்லை.

அந்தக் காப்புரிமையில் இருக்கும் கருவி என் வாதத்துக்குத் தேவையான சாட்சி. கலீனா என்னும் ஈயத் தாதுவில் ஒரு முனை தொட்டுக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். குறைகடத்தியைக் கொண்டு மின் அலையை உணர்ந்த முதல் கருவி இது. டிரான்சிஸ்டரை உருவாக்கியவர்களில் ஒருவரான வால்டர் பிராட்டைனும் பிற்காலத்தில் போஸுக்கே அந்த முதலிடத்தைக் கொடுத்தார். ஆனால் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அந்தத் தாது மின் அலைக்கு மட்டும் அசையவில்லை, கண் காணும் ஒளி பட்டாலும் அசைந்தது. ஆகவே போஸ் அதைச் செயற்கை விழித்திரை என்று கருதினார். நம் விழித்திரை ஒரு ஸ்தாயிக்குள் முடங்கிக் கிடக்கிறது, இந்தத் தாது அதைத் தாண்டியும் பார்க்கிறது என்பது அவர் பார்வை. தந்தி நிலையம் அமைக்க நினைப்பவர் இப்படி யோசிக்க மாட்டார்.

இரண்டாவது மறுப்பு இயற்பியல் வரலாறு படித்தவர்களிடமிருந்து வரும். சிறிய அலைகளைச் செய்தவர் போஸ் ஒருவர்தானா? இல்லை. பொலோனியாவில் அகுஸ்தோ ரீகி சில சென்டிமீட்டர் அலைகளை வைத்து முறையான ஒளியியல் செய்தார். மாஸ்கோவில் பியோத்தர் லெபதேவ் 1895-ல் 6 மில்லிமீட்டர் வரை இறங்கிப் படிகத்தில் இரட்டை விலகலையும் காட்டினார். இவர்களை மறைத்துப் போஸை மட்டும் உயர்த்துவது அவருக்கே பிடித்திருக்காது. மூவரும் ஒரே காலத்தில் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். போஸிடம் தனித்து நிற்பது அவர் அமைத்த கருவிகளின் முழுமை. அலையைச் சதுரக் குழாய் வழியே அனுப்பினார், வாங்கும் இடத்தில் கூம்பாக விரியும் புனல் வைத்தார், முப்பட்டக இடைவெளியால் அலையின் வலிமையைக் கூட்டிக் குறைத்தார், கடைசியில் குறைகடத்தியால் உணர்ந்தார். 1897 ஜனவரி 29 வெள்ளி மாலை ராயல் இன்ஸ்டிடியூஷனில் இவற்றில் பலவற்றை மேசைமேல் வைத்துக் காட்டியபோது, மில்லிமீட்டர் அலைக்கான ஆய்வகம் ஒன்றே அங்கே இருந்தது.

மூன்றாவது மறுப்புதான் கடினமானது. இவ்வளவு முழுமை இருந்தும் யாருக்கும் பயன்படவில்லையே, போஸே சில ஆண்டுகளில் தாவர ஆராய்ச்சிக்குப் போய்விட்டாரே, பின்னால் வந்தவர்கள் எல்லாவற்றையும் தாங்களாகத்தானே மறுபடி கண்டுபிடித்தார்கள்? உண்மைதான். குழாயில் அலையைச் செலுத்தும் வித்தையை 1936-ல் அமெரிக்காவில் சவுத்வொர்த்தும் பாரோவும் தனித்தனியே மீட்டெடுத்தார்கள். காரணம் பொறி. மின்பொறி தரும் அலை ஒரு கணம் தெறித்து அணைந்துவிடும். அதில் பேச்சையோ படத்தையோ ஏற்றி அனுப்ப முடியாது. இடைவிடாமல் வலுவாக ஒலிக்கும் சிற்றலை மூலம் கிடைக்க, 1940-ல் பர்மிங்காமில் ராண்டலும் பூட்டும் செய்த மேக்னட்ரான் வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் 10 சென்டிமீட்டர் அலைதான். எனவே போஸின் வேலையிலிருந்து இன்றைய கருவிகள் நேர்வாரிசாக இறங்கி வந்தன என்று எழுதுவது பொய். நான் சொல்வது இவ்வளவே: அந்த அலைகள் கேட்ட வடிவங்களை அவர் முதலில் சரியாகக் கண்டார், பிறகு வந்தவர்களும் அதே வடிவங்களுக்கே வந்து சேர வேண்டியிருந்தது.

இதைச் சரிபார்க்க ஆய்வகம் வேண்டாம், மொட்டை மாடி போதும். டிஷ் ஆன்டெனாவின் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு கரம் நீட்டி, அதன் நுனியில் முஷ்டி அளவில் எல்.என்.பி. என்னும் ஏற்பியைப் பொருத்தியிருப்பார்கள். பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால் இருப்பது வாய் விரிந்த உலோகப் புனல், அதைத் தொடர்ந்து ஒரு குறுகிய குழாய், அதன் உள்ளே குறைகடத்தி. விண்ணிலிருந்து அங்கே வந்து விழும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ், நீளம் இரண்டரை சென்டிமீட்டரை ஒட்டியது. போஸ் எடுத்த வரிசையின் நீண்ட முனை அது. குறுகிய முனையான 5 மில்லிமீட்டர், அதாவது 60 கிகாஹெர்ட்ஸ், ஓர் அறைக்குள் மட்டும் எட்டும் அதிவேக வைஃபைக்குப் பயன்படுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் இந்த அலையைக் குடித்துவிடுவதால் அது வெகுதூரம் போகாது, சுவரும் அதைப் பெருமளவு தடுத்துவிடுவதால் பக்கத்து வீட்டுக்காரரோடு மோதலும் குறைவு. நடுவில் 26 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இந்திய அரசு 2022-ல் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிக்காக ஏலம் விட்டது. பல விமான நிலையங்களில் ஆடைக்குள் ஒளித்த பொருளைக் காட்டும் சோதனைக் கூண்டு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் அலையால் இயங்குகிறது. முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் கார் ராடாரின் 77 கிகாஹெர்ட்ஸ் மட்டும் போஸின் எல்லைக்குச் சற்று வெளியே விழுகிறது. துணி மறைத்ததையும் பனிமூட்டம் மறைத்ததையும் இந்த அலைகள் காட்டுகின்றன. கண்ணுக்குப் புலப்படாத ஒளி என்று அவர் வைத்த பெயர் இங்கேதான் பொருந்துகிறது.

எஞ்சிய ஸ்தாயிகள் நிரம்ப மேலும் முப்பதாண்டு பிடித்தது. அகச்சிவப்புக் கரையிலிருந்து ரூபென்ஸ் 1911-ல் பாதரச விளக்கைக் கொண்டு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு வரை வந்தார். மறு கரையிலிருந்து அமெரிக்காவில் நிக்கல்ஸும் டியரும் 1923-ல் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே இறங்கி, அகச்சிவப்புக்காரர்கள் ஏற்கெனவே நின்ற இடத்தில் கால்வைத்தார்கள். மாஸ்கோவில் அலெக்சாந்திரா கிளாகலேவா-அர்காதியேவா உலோகத் துகள்களை எண்ணெயில் கலக்கி, பொறியைப் பாய்ச்சி, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனார். மாக்ஸ்வெல் எழுதிய ஆற்றில் அன்றோடு வெற்றிடம் இல்லை. இரு கரையும் இணைந்த செய்தியை 1924 ஏப்ரல் 29 அன்று வாஷிங்டனில் தேசிய அறிவியல் கழகத்தின் புதிய கட்டடத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோதே நிக்கல்ஸ் உயிர் நீத்தார்.

போஸ் 1917 நவம்பர் 30-ல், தன் பிறந்தநாளில், கல்கத்தாவில் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. அவர் கையால் செய்த மூலக் கருவிகளில் பல அங்கேதான் பாதுகாக்கப்படுகின்றன. அந்த நகரத்துக்குப் போக நேரும் வாசகர்கள் ஒரு நாளை அதற்கென ஒதுக்கி, அவற்றின் சிறிய அளவை நேரில் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்த பகுதியில் 1940-க்கு, பர்மிங்காமின் மேக்னட்ரானுக்குப் போவோம்.